இருளர் குடியிருப்புக்குப் போகும் மருத்துவ மாணவருக்கு

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் மருத்துவமனைப் பஞ்சம் கிடையாது. ஜிப்மர் இருக்கிறது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா கல்லூரியாக இருந்தது இன்று கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. தனியார் கல்லூரிகள் வேறு. இத்தனைக்கும் நடுவே, ஒரு வாய்க்கால் கரையிலோ சவுக்குத் தோப்பு ஓரத்திலோ இருபது வீடுள்ள இருளர் குடியிருப்புக்குள் போனால், ஏழாம் மாதம் வரை எங்கும் பதிவாகாத கர்ப்பிணியையும், இரண்டு மாதத்தோடு காசநோய் மாத்திரையை விட்டவரையும் பார்க்கலாம். பஸ் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. சாதிச் சான்று கிடையாது, ஒரு நாள் கூலியை விட முடியாது, ஓ.பி. சீட்டுத் தரும் இடத்திலேயே 'ஏய், தள்ளி நில்லு' என்று கேட்க நேரும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பலர். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் அவர்கள் திணறுகிறார்கள். அவர்களுக்காக இது.

தொடங்க வேண்டிய இடம் கணக்கெடுப்பு என்பது என் உறுதியான கருத்து. காரணம் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவுகோல். மலை, பழங்குடிப் பகுதிகளில் இது 3,000, 20,000 என்று தளர்த்தப்படுகிறது. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு குழுக்களில் இருளரும் உண்டு. ஆனால் இந்தக் கரையோரத்தில் அவர்கள் பத்து வீடு, முப்பது வீடு என்று பெரிய ஊர்களின் விளிம்பில் சிதறி வாழ்வதால் அந்தத் தளர்வு அவர்களை எட்டுவதில்லை. டாக்டர் அபய் பங் தலைமையிலான நிபுணர் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிக்கை இதைத்தான் நாடு முழுவதற்கும் சொன்னது: பழங்குடிகள் பெரும்பான்மையாக உள்ள 809 வட்டாரங்களுக்கு வெளியேதான் பழங்குடி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஊர்க் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் தடுப்பூசி 95 சதவீதம் என்று வரும். மீதி 5 சதவீதம் முழுக்க ஒரே தெருவில் இருக்கலாம். அந்தத் தெருவைத் தனியாக எழுதாத வரை அது யார் கண்ணிலும் படாது.

முதலாம் ஆண்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது மூன்று குடும்பங்களைப் படிப்புக் காலம் முழுவதும் தொடர வேண்டும். வழக்கமாக என்ன நடக்கிறது? கல்லூரிப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், திண்ணை வைத்த மூன்று வீடுகள் ஒதுக்கப்படும். பிரஷர் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி முடித்துவிடுவார்கள். சமூக மருத்துவத் துறை ஆசிரியரிடம் போய், 'என் மூன்றில் ஒரு குடும்பம் ஊர்க்கோடியில் இருக்கும் குடியிருப்பிலிருந்து வேண்டும்' என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு குடும்பத்தை வைத்துத்தான் மற்ற வீடுகளுக்குள் நுழைய முடியும்.

முதல் நாள் ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். கிராம சுகாதார செவிலியருடனோ அங்கன்வாடி ஊழியருடனோ போங்கள். முதலாளியோடும் மேஸ்திரியோடும் ஒருபோதும் போகாதீர்கள். அவர் சொன்னதால் பேசுகிறவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தாத்தா வயது ஆளையும் ஊரில் பலர் 'வாடா, போடா' என்றே கூப்பிடுவார்கள். அது காதில் விழுந்து பழகி உங்கள் வாயிலும் வந்துவிடும். 'வாங்க ஆயா', 'உக்காருங்க பெரியப்பா', 'சொல்லுங்கக்கா' என்று பேசுங்கள். பத்து வயதுப் பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கும் அது தெரிய வேண்டும்.

ஒரு தாளில் குடியிருப்பின் படத்தைக் கையால் வரையுங்கள்: கைப்பம்பு, வேப்பமரம், கோயில், மின்கம்பம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். பிறகு ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, ரேஷன் அட்டை, ஆதார், சாதிச் சான்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கர்ப்பிணியானால் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), குழந்தையானால் தாய் சேய் அட்டை, முன்பு காசநோய் வந்ததா, என்ன வேலை, எந்த மாதம் வெளியூர் போவார்கள்.

வயதைக் கேட்டால் 'முப்பது இருக்கும்' என்று வரும். இந்தக் கரையில் வயதைக் கணக்கிட இயற்கையே தேதிகளைத் தந்திருக்கிறது. சுனாமி 26 டிசம்பர் 2004. தானே புயல் 30 டிசம்பர் 2011. பெருவெள்ளம் 2015 நவம்பர். ஃபெஞ்சல் 30 நவம்பர் 2024. 'தானே அடிச்சப்ப இவன் கைக்குழந்தையா, நடந்துக்கிட்டு இருந்தானா?' என்று கேட்டால் ஆறு மாத வித்தியாசத்துக்குள் வயது கிடைத்துவிடும். எடைக்கும் தடுப்பூசிக்கும் மாதக் கணக்குத் தேவை என்பதால் இதில் சோம்பல் கூடாது.

போன் எண்ணை எழுதும்போது அது யாருடைய போன் என்றும் எழுதுங்கள். பலர் கொடுப்பது சூளை மேஸ்திரியின் எண்ணாகவோ பக்கத்து வீட்டுக்காரர் எண்ணாகவோ இருக்கும். அந்த எண்ணுக்கு அழைத்து 'சளியில் கிருமி இருக்கு' என்றால் அவருக்கு அடுத்த வாரம் வேலை போய்விடும். நோட்டைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே தவறுதான்.

எப்போது போவது என்பதற்குக் கல்லூரி நேர அட்டவணை உதவாது. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் நீர் ஏற்றம் வற்றத்தைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். அது நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். போன செவ்வாய் பத்து மணிக்கு வீட்டில் இருந்தவர் இந்தச் செவ்வாய் பத்து மணிக்குத் தண்ணீரில் நிற்பார். 'சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க' என்று எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். போன முறை பேசும்போதே அடுத்த வாரம் வற்றம் எப்போது என்று கேட்டு வாருங்கள். உள்நாட்டில் இருப்பவர்களுக்குக் கரும்பு வெட்டு, சவுக்கு வெட்டு, செங்கல் சூளை. சூளை மழை விட்ட பிறகு தொடங்கும். பொங்கல் முடிந்ததும் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். காசநோய் மருந்தும் தடுப்பூசியும் அறுபடுவது அந்த மாதங்களில்தான். ஆகவே மார்கழியிலேயே யார் எந்த ஊர்ச் சூளைக்குப் போகிறார் என்று கேட்டு, காசநோயாளியை நிக்ஷய் என்ற தேசியக் காசநோய்ப் பதிவில் அந்த ஊருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது. பதிவு மாறாவிட்டால் அங்கே அவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

தடுப்பூசித் தவணை தவறிய குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். இது தெரியாமல் 'இனிமே எல்லாம் முதல்லேருந்துதான்' என்று தாயைப் பயமுறுத்தி அனுப்புவது இன்னும் நடக்கிறது.

என்ன தேட வேண்டும் என்பதில் முதலிடம் ரத்தசோகைக்கு. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழ் என்றாலே ரத்தசோகை. 7க்குக் கீழ் என்றால் கடுமையானது, மாத்திரையோடு விடக் கூடாது, ஊசி இரும்புக்கு அனுப்ப வேண்டும். 5க்குக் கீழ் என்றால் அன்றே சேர்க்க வேண்டும். மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். வீட்டில் மாத்திரை அட்டை இருக்கிறது, ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் மூன்றைக் கேளுங்கள். மாத்திரையைக் காலை டீயோடு போடுகிறாரா? டீ இரும்பை உடம்பில் சேர விடாது. கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போடுகிறாரா? இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாரா? இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதெல்லாம் சரி என்றால் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். அது முதல் மூன்று மாதத்துக்குப் பிறகுதான்.

பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை பற்றி ஓர் எச்சரிக்கை. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது 1952இல் கண்டறியப்பட்டது, அங்குள்ள இருளரிடமும் உண்டு. அந்த விகிதத்தை எடுத்துவந்து கடலூர்க் கரையில் வாழும் இருளர் மேல் ஒட்ட வைக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மரபணுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பரிசோதித்துப் பார்த்து எழுதுங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் புஜ நடுச் சுற்றளவு நாடா ஒன்று போதும். இடது கை, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் சரிபாதி இடம், கை தொங்கியபடி. 11.5 செ.மீ.க்குக் கீழ் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, 11.5இலிருந்து 12.5க்குள் மிதமானது. நாடாவை இறுக்கினால் இரண்டு மில்லிமீட்டர் குறைந்து, நல்ல குழந்தையும் நாடாவின் சிவப்புப் பகுதியில் விழும். சதை அமுங்காமல், தோலைத் தொட்டு நிற்கும்படி பிடித்துப் பழகுங்கள்.

காசநோயில் இந்தக் குடியிருப்புகளுக்கு முக்கியமானது, தமிழ்நாடு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. நோய் உறுதியான அன்றே ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்: உடல் நிறை குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 16க்குள் இருந்து இரு காலிலும் வீக்கம். மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல். ஆக்சிஜன் 94க்குக் கீழ். தானாக நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் சேர்க்க வேண்டும். எடை பார்க்கும் இயந்திரமும் உயர நாடாவும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் உங்கள் பையில் இருந்தால் இந்த ஐந்தையும் திண்ணையிலேயே பார்த்துவிடலாம். சத்துணவுக்கான மாத உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் அது வராது. ஆகவே மருந்து தொடங்கும் வாரமே கணக்குத் தொடங்க உதவுங்கள். நோயாளியோடு அந்த வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சாப்பாடு முக்கியம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

பாம்புக்கடியைப் பற்றிப் பேசாமல் இருளர் நலம் பேச முடியாது. வரப்பில் எலி வளை தோண்டுவதும், சவுக்குத் தோப்பில் சருகுக்குள் நடப்பதும், தரையில் படுப்பதும் அவர்கள் வாழ்க்கை. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவதும் அவர்கள்தான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. என்ன பாம்பு என்று அவர்கள் சொன்னால் மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சிகிச்சை அறிகுறியைப் பார்த்துத்தான்.

கட்டுவிரியன் கடி தடம் தெரியாமல் இருக்கும். விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகல், பேச்சுக் குழறல் என்று வருபவரிடம் எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள். கண்ணாடிவிரியனுக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஆகாது. இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாமல் நின்று உங்களை ஏமாற்றும். விஷமுறிவு முதல் தவணை 10 குப்பி, ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு செலுத்தும் விஷம் ஆளின் எடையைப் பார்த்துக் குறைவதில்லை. விஷமுறிவு மருந்து ஒவ்வாமல் போனால் கொடுக்க, அட்ரினலின் பக்கத்திலேயே ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். எனவே, ஒவ்வொரு கடியையும் உங்கள் நோட்டிலும் ஏற்றுங்கள். மருத்துவமனைக்குப் போகாமல் விட்டவையும் அதில் வரட்டும்.

இனி, காகிதங்கள். மருத்துவ மாணவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் மாத்திரைக்குச் சமமான வேலை. பழங்குடிச் சான்றைத் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். அதனால்தான் இழுக்கிறது. குடும்பத்தில் யாராவது ஒருவருக்குச் சான்று இருந்தால் அதன் நகலை மற்றவர் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு வரி எழுதிய உங்கள் நோட்டில் சாதிச் சான்றுக்கு ஒரு பத்தி இருந்தால் யாருக்கு இருக்கிறது என்று உடனே தெரியும். புதுச்சேரியில் இருளர் பழங்குடியாக அறிவிக்கப்பட்டதே 2016இல்தான். ஒரு மாநிலத்தில் உள்ள பழங்குடி நிலை எல்லை தாண்டியதும் தானாகக் கூடவே வராது. கடலூரிலிருந்து பாகூர்ப் பக்கம் வாழப் போன பெண்ணுக்கு இது நேரடியாக இடிக்கும்.

எல்லைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடலூர்க்காரர் புதுச்சேரி மருத்துவமனையில் பிரசவித்தால் குழந்தையின் பிறப்பு புதுச்சேரியில்தான் பதிவாகும், ஏனென்றால் பிறந்த இடமே கணக்கு. 21 நாளுக்குள் பதிவு இலவசம். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே பெயரையும் தகப்பன் பெயர் எழுத்துகளையும் ஆதாரோடு சரிபார்த்துக் கொடுங்கள். பள்ளியில் சேர்க்கும் வயதில் ஓர் எழுத்துக்காக அலைய வைக்க வேண்டாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கும், ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அதில் அடக்கம். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு, 19 வயது நிறைவு, முதல் இரண்டு பிரசவம் என்பவை நிபந்தனை. சிறு வயதில் திருமணமான பெண்கள் இங்கேயே வெளியே போய்விடுகிறார்கள். பதினெட்டுக்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை. வழக்குக்குப் பயந்து அந்தப் பெண்ணை ஒளித்து வைத்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கிறார்கள். இந்த இடம் கடினமானது. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. உங்கள் மருத்துவ அலுவலரிடம் அன்றே சொல்லுங்கள். சிகிச்சையை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்பதையும் அந்தக் குடும்பத்திடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சூளையில் முன்பணத்துக்காக வெளியேற முடியாமல் ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தால் முதலாளியிடம் வாதாடப் போகாதீர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இன் கீழ் விசாரிக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம். ஆசிரியர் மூலம் கோட்டாட்சியருக்கு எழுத்தில் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முகாம்களைப் பற்றி ஒரு சொல். ஐந்து நாள் வைட்டமின் மாத்திரையும், ஒரே முறை பார்த்த பிரஷரும் யாருக்கும் உதவாது. அடுத்து வரும் தேதி முடிவாகாத முகாமை நடத்தாமல் விடுவதே நல்லது. பிரஷர் கூடுதலாக இருந்தவரை மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரின் பட்டியலில் ஏற்றிவிட்டால் மாதாமாதம் மருந்து வீட்டுக்கு வரும். அந்தப் பட்டியலில் இந்தக் குடியிருப்பு இருக்கிறதா என்பதைப் பார்ப்பதே ஒரு முகாமைவிடப் பெரிய காரியம்.

ஆய்வு செய்ய விரும்பினால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் இரண்டு மாதக் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் நல்ல தொடக்கம். மாதிரி அளவுக்கு எல்லோரும் 4பிக்யூ வகுத்தல் டி-வர்க்கம் போடுவார்கள் (பி எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ நூறில் மீதி, டி பிழை): 50 சதவீதம் எதிர்பார்ப்பு, 10 சதவீதப் பிழை என்றால் 100 பேர். ஒரே குடியிருப்பில் எல்லோரும் உறவுக்காரர்கள், ஒரே தண்ணீர், ஒரே வேலை. ஆகவே, ஒரே மாதிரி ஆட்கள் சேர்ந்திருப்பதை ஈடுகட்டப் பெருக்கும் எண்ணான வடிவமைப்பு விளைவை 2 என்று வைத்து 200 பேராக எடுங்கள், பல குடியிருப்புகளிலிருந்து. அவ்வளவு பேர் இல்லையென்றால் இருப்பவர் அனைவரையும் எடுத்துக்கொண்டு, சதவீதம் போடாமல் '12 கர்ப்பிணிகளில் 5 பேர்' என்பது போல் எண்ணிக்கையாக எழுதுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. குடியிருப்புப் பெரியவரின் சம்மதம் வேறு, ஒவ்வொருவரின் சம்மதம் வேறு, இரண்டும் வேண்டும். கைநாட்டு என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி படித்துக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். முடிவை ஆங்கிலக் கட்டுரையாக்கும் முன், வேப்பமரத்தடியில் தமிழில் சொல்லுங்கள்.

பயிற்சி மருத்துவர் காலத்தில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் உண்டு. பலர் அதை முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் விடுமுறையாக்கிக்கொள்கிறார்கள். அதில் மூன்று வாரத்தை இந்த நோட்டுப் பட்டியலுக்குக் கொடுத்தாலே கர்ப்பிணிகள், காசநோயாளிகள், ஐந்து வயதுக்குள் உள்ளவர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். அதன் பிறகும் இதே வழியில் போக வேண்டும் என்றால் எம்.டி. சமூக மருத்துவம், குழந்தை நலம், மகப்பேறு எதுவும் பொருந்தும். சென்னையில் ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேருவதும் நல்ல பாதை. தர்மபுரி சித்தேரிமலைப் பக்கம் சிட்லிங்கியிலும், நீலகிரி கூடலூரிலும் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்து மருத்துவமனை நடத்துவதைப் போய்ப் பாருங்கள். நம் கரையில் இன்னும் செய்யாமல் இருப்பது அதுதான்: குடியிருப்பிலேயே பத்தாவது முடித்த ஒரு பெண்ணுக்கு நாடா பிடிக்கவும், மாத்திரை அட்டை எண்ணவும், பிக்மி எண் வாங்கவும் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் கொடுப்பது.

கல்லூரியை விட்டுப் போகும் முன் நோட்டை ஒப்படைக்க ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஒரு பிரதி கிராம சுகாதார செவிலியருக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று உங்கள் இடத்துக்கு வரும் இளைய மாணவருக்கு. அந்த இளையவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், 'இனிமே இவங்க வருவாங்க ஆயா' என்று ஆள் காட்டிவிட்டு வாருங்கள். மருந்தில் இருப்பவர்கள், அடுத்த மூன்று மாதத்தில் பிரசவிக்க இருப்பவர்கள், சான்றுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், இந்த மூன்று பெயர்ப் பட்டியலையும் தனித் தாளில் தேதியோடு எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.